பாதி கோப்பி, பாதி பால்

எங்க ஊரில் "பால்" என்றால் முதலில் ஞாபகத்துக்கு வருவது மாடு இல்லை, மரம். யட்டியாந்தோட்டைப் பக்கம் தேயிலையும் உண்டு, இறப்பரும் உண்டு. இறப்பர் தோட்டத்துப் பிள்ளையிடம் "அம்மா எங்கடா?" என்று கேட்டால் "பால் வெட்டப் போயிட்டா" என்றுதான் பதில் வரும். விடியக்காலையில் கத்தியோடு போய், மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் சொட்டுகிற பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் அளந்து கொடுத்துவிட்டு வருவார்கள். அவ்வளவு பாலைச் சுமந்துவிட்டு வந்து வீட்டில் குடிப்பது சாயத்தண்ணி. பால் போடாத வெறும் தேத்தண்ணி.

இந்தக் கட்டுரை ஸ்பெயின் நாட்டுப் பால் கோப்பியை வீட்டில் போடுவது பற்றியது. அதற்கு ஏன் இறப்பர் மரத்தில் இருந்து தொடங்குகிறோம் என்பது போகப் போகப் புரியும்.

கொஞ்ச நாளைக்கு முன் எங்களில் மூன்று பேர் ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போயிருந்தோம். முடிந்து வரும்போது, ஒரு தடவையாவது போய்ப் பார்ப்போமே என்று ஏசி போட்ட ஒரு கோப்பிக் கடைக்குள் நுழைந்தோம. டிக்டொக்கில் எல்லாரும் காட்டுகிற "ஸ்பானிஷ் லாட்டே" விலைப்பட்டியலில் இருந்தது. 1200 ரூபா. ஒன்றுதான் வாங்கினோம். மூன்று பேரும் மாறி மாறிக் குடித்தோம். ருசி நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பஸ்ஸில் வரும்போது மூன்று பேருக்கும் ஒரே கணக்குத்தான் ஓடியது. 2024 செப்டெம்பரில் தேயிலை, இறப்பர் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக ஆனது. அந்தச் சம்பளத்தில் அம்மா ஒரு நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கினால் அந்தக் கப் ஒன்று வாங்கலாம். மிச்சம் 150 ரூபா.

வீட்டுக்கு வந்து இந்தக் கதையைச் சொன்னபோது, எங்களில் ஒருவரின் சித்தி அடுப்படியில் இருந்தே சிரித்தார். அவர் சில வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர்.

"இதுக்காடா 1200 குடுத்தீங்க? நான் அங்க தெனமும் போட்டதுதான். மேடத்துக்குக் காலைல ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு. கடும் கோப்பி, சுடுபால், டின்பால். வேற ஒண்ணும் இல்ல."

"நீங்க குடிச்சீங்களா சித்தி?"

"போட்டேன்னுதானே சொன்னேன்."

அந்தப் பதிலுக்குப் பிறகு எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் போட்டுப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். போடப் போட, அது கோப்பியைப் பற்றிய விஷயமாக மட்டும் இருக்கவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஸ்பெயினில் ஒரு அம்மா காலையில் பிள்ளையை எழுப்பி "ஸ்பானிஷ் லாட்டே குடி" என்று சொல்ல மாட்டார். அங்கே அதன் பெயர் "காஃபே கோன் லேச்சே". நேரடி அர்த்தம் பாலோடு கோப்பி, அதாவது நம்ம பால் கோப்பி. கடும் கோப்பி ஏறக்குறைய பாதி, சூடான பால் ஏறக்குறைய பாதி. காலைச் சாப்பாட்டுக்கான சாதாரணக் குடி. நாங்கள் தேத்தண்ணியில் பாணைத் தோய்த்துத் தின்பது மாதிரி அவர்கள் அதில் பாணையும் பிஸ்கட்டையும் தோய்த்துத் தின்பார்கள். பாலைக் குறைத்து, கோப்பியின் கடுமையை இலேசாக வெட்டுகிற அளவுக்கு மட்டும் ஊற்றினால் "கொர்த்தாதோ". அந்தச் சொல்லுக்கே வெட்டியது என்றுதான் அர்த்தம். டின்பாலை அடியில் ஊற்றி மேலே கடும் கோப்பி ஊற்றினால் "பொம்பொன்". அது வலென்சியா பக்கத்தில் பிரபலம். வளைகுடா நாடுகள் வழியாகச் சுற்றி எங்கள் டிக்டொக்குக்கு வந்து சேர்ந்த "ஸ்பானிஷ் லாட்டே", இந்தப் பொம்பொன்னுக்குச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி.

தெற்கே மாலகா என்று ஒரு நகரம். அங்கே கோப்பிக்கும் பாலுக்கும் உள்ள அளவை வைத்தே தனித்தனிப் பெயர்கள். பாதிக்குப் பாதி என்றால் "மிதாத்". கோப்பி குறைந்து பால் கூடினால் "சோம்ப்ரா", அதாவது நிழல். கோப்பி பட்டும் படாமலும் இருந்தால் "நூபே", அதாவது மேகம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இப்படி அளந்து அளந்து பெயர் வைக்கிற பழக்கம் வசதியில் வந்தது இல்லை. 1936இல் தொடங்கிய உள்நாட்டு யுத்தம் 1939இல் முடிந்த பிறகு, 1952 வரைக்கும் ஸ்பெயினில் சாப்பாட்டுச் சாமான்கள் பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தன. கோப்பி அருமையான சாமானாக இருந்தது. சிக்கரி வேரையும் வறுத்த பார்லியையும் கலந்து கோப்பி என்று குடித்த காலம் அது. கோப்பிக்கொட்டையைச் சீனி போட்டு வறுக்கும் "தொர்ரெஃபாக்தோ" முறையும் அங்கே வேரூன்றியது. 100 கிலோ கொட்டைக்கு 15 கிலோ வரை சீனி சேர்ப்பார்கள். சீனி கருகி கொட்டையின் மேல் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். நிறம் கறுக்கும், கசப்பு ஏறும், கொட்டை மட்டமாக இருந்தாலும் ஆளுக்குத் தெரியாது.

இதையெல்லாம் வாசித்தபோது எங்களுக்கு ஞாபகம் வந்தது 2022. அந்த வருஷம் மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. டவுனில் வரிசையில் நின்றோம். ஒரு பக்கெட்டை இரண்டு வீட்டுக்குப் பிரித்தோம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலில் என்று லயத்துக்குள்ளேயே பேசிக்கொண்டோம். ஸ்பெயின்காரரின் பால் கோப்பி எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிற பணக்காரக் குடி இல்லை. இல்லாத காலத்தில் ருசியை விடாமல் பிடித்துக்கொண்ட ஆட்களின் குடி. இந்த விஷயத்தில் அவர்களும் நாங்களும் ஒரே லயம்.

சரி, செய்முறைக்கு வருவோம். மெஷின் வேண்டாம். ஸ்பெயினில் இப்போது கடைகளில் மெஷின்தான், வீடுகளில் அடுப்பில் வைக்கிற இத்தாலியக் கேத்தல். ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்து அங்கே பானைக் கோப்பி உண்டு. தண்ணியைக் கொதிக்க வைத்து, தூளைப் போட்டு, துணியில் வடிப்பது. அதற்குத் தேவையான எல்லாம் எங்கள் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு பேருக்கு 200 மில்லி தண்ணி, கோபுரமாக நாலு தேக்கரண்டி கோப்பித்தூள். தண்ணி கொதித்ததும் பாத்திரத்தை இறக்கிவிட்டுத் தூளைப் போட்டு ஒரு கிண்டு கிண்டி மூடிவிடுங்கள். தூளோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். ஐந்து நிமிஷம் பொறுங்கள். எங்கள் ஊர்க் கோப்பித்தூள் மா மாதிரி நைசாக இருக்கும். அவசரப்பட்டு வடித்தால் துணி அடைத்துக்கொள்ளும். தூள் அடியில் தங்கிய பிறகு மேலே இருப்பதை மெதுவாகத் துணியில் ஊற்றி வடியுங்கள். அந்தத் துணியைக் கோப்பிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணியில் அலசுங்கள். நாங்கள் முதல் தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டாவது தடவை சவர்க்காரக் கோப்பி குடித்தோம்.

பால் 200 மில்லி. மாட்டுப்பால் என்றால் ஒரு தடவை நன்றாகப் பொங்கவிட்டு இறக்கி, ஆடையை எடுத்துவிட்டு, கை பொறுக்காத சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பால்மா என்றால் நாலு மேசைக்கரண்டியை முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணியில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சுடுதண்ணி சேர்த்து 200 மில்லியாக்குங்கள். நேரே கொதிதண்ணியில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். பால் திக்காக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். வழக்கமாக நாங்கள் பால்மாவைப் போடுகிற அளவு, நிறம் மாறுவதற்கு மட்டும் போதும். இந்தக் கோப்பியில் பால் பாதிப் பங்கு.

நுரைக்கு மெஷின் தேடாதீர்கள். டீக் கடையில் ஆத்துகிற மாதிரி இரண்டு கோப்பைகளில் உயர்த்தி நாலு தடவை பாலை ஆத்தினால் போதும். கோப்பையில் கோப்பியை ஊற்றி அதே அளவு பாலைச் சேருங்கள். சீனி கடைசியில், அவரவர் விருப்பத்துக்கு. சீனிக்குப் பதிலாக ஒரு கரண்டி கித்துள் பாணி விட்டால் ஸ்பெயின்காரருக்குக் கிடைக்காத ஒரு ருசி வரும். கித்துல்கல எங்களுக்குப் பக்கத்தில்தானே. டின்பால் உள்ளவர்கள் அடியில் இரண்டு கரண்டி ஊற்றினால் அந்த 1200 ரூபாச் சாமான் ரெடி. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். டின்பால் இல்லாத கப்புக்குத் தூள், பால்மா, சீனி, விறகு எல்லாம் சேர்த்தும் அந்தக் கடை விலையில் பத்தில் ஒரு பங்கு வரவில்லை.

சீனி போட்டுக் கொட்டை வறுக்கிற வேலையையும் செய்து பார்த்தோம். சட்டி கருகியதும் பாட்டியிடம் ஏச்சு வாங்கியதும்தான் மிச்சம். அதை மட்டும் செய்ய வேண்டாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

ஆனால் அந்தக் கொட்டை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கவில்லை. லயத்துக்குப் பின்னால் கானோரத்தில் இரண்டு கோப்பி மரம் நிற்கிறது. யார் நட்டது என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் சொல்கிறார்கள். கேகாலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் இருக்கிறது பெரும்பாலும் ரொபஸ்டா. மலை உச்சியில் வளர்கிற அரபிக்கா அளவுக்கு வாசம் இருக்காது, ஆனால் கடுமை உண்டு. பாலோடு சேர்க்கிற கோப்பிக்கு அந்தக் கடுமைதான் வேண்டும். பழம் சிவந்ததும் பறித்து, இரண்டு மூன்று கிழமை வெயிலில் காயவைத்து, உரலில் குத்திப் புடைத்து, சட்டியில் வறுத்து, மறுபடி இடித்தால் தூள். பாட்டிக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மலையகம்" என்று சொன்னவுடன் எல்லாரும் தேயிலைக் கொழுந்து படம் போடுகிறார்கள். எங்கள் ஆட்களை இந்தத் தீவுக்கு முதலில் கொண்டுவந்தது தேயிலை இல்லை, கோப்பி. 1820களில் கம்பளைப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் இருந்து வந்த ஆட்கள் மன்னார் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து மலை ஏறினார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அது அந்தப் பாதையின் ஞாபகம்தான். 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேல் கோப்பி இருந்தது. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் போகப் போக அதை அடியோடு சாய்த்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. எங்கள் களனிப் பள்ளத்தாக்கில் பிறகு இறப்பரும் வந்தது.

பயிர் மாறியது, துரைமார் மாறினார்கள், கொம்பனி மாறியது. எந்தப் பயிர் என்றாலும் எங்கள் ஆட்களின் கோப்பையில் விழுந்தது மிச்சம்தான். நல்ல கோப்பி கப்பல் ஏறியது. நல்ல தேயிலை கப்பல் ஏறுகிறது, வீட்டுக்கு வருவது தூள். பால் குடிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லாமல் போனதும் இப்படித்தான். "தோட்டத்து ஆளுக்குச் சாயத்தண்ணிதான் பிடிக்கும்" என்று சொல்வார்கள். பிடிக்கும்தான். ஆனால் வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் "பிடிக்கும்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

செய்முறையில் கோப்பி சுலபமான பாதி. பால்தான் கஷ்டமான பாதி. 2016இல் எடுத்த மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்பகுதியில் 32 சதவீதம். இதற்குப் பால் ஒன்றுதான் காரணம் என்று சொல்லவில்லை. முட்டை, மீன், பருப்பு, அம்மாவின் உடம்பு, கழிவறை, தண்ணி என்று எத்தனையோ இருக்கிறது. ஆனாலும் ஒரு வீட்டில் பால் எப்படிப் புழங்குகிறது என்று பார்த்தால் அந்த வீட்டின் நிலைமை தெரியும். அதனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறோம்: வீட்டில் பால் கொஞ்சம்தான் இருந்தால் அது பிள்ளைகளுக்கு. கோப்பி பெரியவர்களுக்கு. அதையும் சோற்றோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். கோப்பியும் தேத்தண்ணியும் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரத்தம் குறைந்த அம்மாமாருக்கு அது நல்லதில்லை.

அப்படியென்றால் மாடு வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். மாட்டுக்குப் பட்டி வேண்டும், புல் வேண்டும், இரண்டுக்கும் நிலம் வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு முன்னால் வாசல், பின்னால் கான். அதற்கு அப்பால் தோட்டத்துக் காணி. பட்டி கட்டுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். வளர்க்கிற வீடுகளும் உண்டு. அந்த வீட்டுப் பால் அதிகமாக விற்பனைக்குத்தான் போகும், ஏனென்றால் காசு வேண்டும். கோப்பி மரம்கூட எங்கள் மரம் இல்லை, கானோரத்தில் யாரும் வெட்டாமல் விட்ட மரம்.

இணையத்தில் எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் "வீட்டிலேயே செய்யலாம்" என்று தலைப்பு. இந்தக் கோப்பியைப் போட்ட பிறகு எங்களுக்கு அந்த "வீட்டிலேயே" என்ற சொல்தான் உறுத்துகிறது. எது வீடு? இரண்டு மரம் நடவும் ஒரு மாட்டைக் கட்டவும் இடமுள்ளதா, அல்லது இன்னொருவர் காணிக்குள் படுத்தெழும்புகிற ஒரு காம்பராவா? ஏழு பேர்ச்சஸ் காணி என்று வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள். ஏழு பேர்ச்சஸ் என்றால் சுமார் 177 சதுர மீட்டர். அதில் வீட்டைக் கட்டினால் மிஞ்சுவதில் கோப்பி மரம் நிற்கும், மாடு நிற்காது. அந்த ஏழுமே உறுதியோடு கைக்கு வராத குடும்பங்கள் இன்னும் எத்தனையோ. காணிக் கோரிக்கையை வீட்டுக் கோரிக்கையாக மட்டும் சுருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. கூரை மட்டும் போதாது, கூரைக்கு வெளியே ஒரு துண்டு மண்ணும் வேண்டும். ஒரு குடும்பம் தன் சாப்பாட்டில் ஒரு பங்கையாவது தானே உண்டாக்கிக்கொள்கிற மண்.

"சாயத்தண்ணி குடிச்சு வளந்தவனுக்கு ஸ்பெயின் கோப்பி கேக்குதோ?" என்று எங்களைக் கிண்டல் பண்ணியவர்கள் உண்டு. கேட்கிறதுதான். 1200 ரூபா கொடுத்து, படம் எடுத்துப் போடுவதற்காகக் கேட்டால் நீங்கள் சிரிக்கலாம். வேலைக்குப் போகிற அம்மா ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து, பாதி பால் உள்ள ஒரு கப்பை ஆறுதலாகக் குடிக்க வேண்டும் என்று கேட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் அம்மா நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, நின்றபடியே தேத்தண்ணியை வாயில் ஊற்றிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுகிறார். இந்தக் கோப்பியையும் அவர் தலையிலேயே கட்டினால் நாங்கள் செய்தது ஒன்றுமே இல்லை. அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு ஏற்பாடு: ஞாயிற்றுக்கிழமைக் கோப்பி ஆண் பிள்ளைகள் பொறுப்பு. அடுப்பு மூட்டுவது, வடிப்பது, ஆத்துவது, கடைசியில் பாத்திரம் கழுவுவது வரைக்கும். கழுவுவதை விட்டுவிட்டு ஓடியவரைப் பற்றி இங்கே எழுதவில்லை, அவருக்கே தெரியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாட்டுப்பால் இரண்டு போத்தல் காசு சேர்த்து வாங்கினோம். பாட்டி வறுத்துத் தந்த தூள், பக்கத்து வீட்டுப் பாணி. முதல் கப்பைச் சித்தியிடம் கொடுத்தோம். அவர் அடுப்படியிலேயே நின்று குடிக்கப் பார்த்தார். விடவில்லை, வாசலில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பால் சரி. கோப்பி இன்னும் கொஞ்சம் கடுமையா இருக்கணும்," என்றார். "அடுத்த கிழமை நான் சொல்ற மாதிரிப் போடுங்க."

எழும்பவில்லை. கப் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.